உள்ளிலைக் கருகல்

கடையிலிருந்து திரும்பி வந்த முதல் பெட்டியைப் பேக்கிங் அறைக்காரம்மா இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக உப்புக்காரரிடம் வந்தாள். உள்ளே, முட்டைக்கோஸ்போல் இலை மூடி வளர்கிற லெட்யூஸ் கீரை பன்னிரண்டு. மேலாகப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. இலை பச்சைப்பசேலென்று, தளதளவென்று, போட்டோ பிடிக்கக் கிளம்பியதுபோல் இருந்தது. அவள் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து காட்டினாள். நடுவில், ஒன்றையொன்று மூடிக்கொண்டிருந்த பிஞ்சு இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது.

"மூஞ்சி அழகு, உள்ள அழுகல்," என்றாள். "அப்படியே எங்க வீட்டுக்காரர் மாதிரி."

முன்பெல்லாம் இதற்கு அவர் ஒன்று சொல்வார், அதற்கு அவள் ஒன்று சொல்வாள், பேக்கிங் அறை முழுக்கச் சிரிக்கும். இப்போது அவர், "வெச்சிட்டுப் போங்க," என்றார். அவளும் வைத்துவிட்டுப் போனாள்.

உப்புக்காரர் என்பது அங்கே அவருக்கு விழுந்த பெயர். மண்ணே இல்லாமல், நீளமான வெள்ளைக் குழாய்களில் ஓடும் தண்ணீரில் கீரை வளர்க்கிற இடம் அது. ஐந்து பசுமைக்குடில்கள். எந்த உப்பை எவ்வளவு அளந்து தண்ணீரில் கலப்பது என்பது பதினாறு வருடமாக அவர் பொறுப்பு. கால்சியம் ஒரு தொட்டியில், மற்றவை இன்னொரு தொட்டியில். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெள்ளை மண்டியாக அடியில் தங்கிவிடும், செடிக்கு ஒன்றும் போகாது. தினமும் மீட்டரை முக்கி உப்பின் அளவு பார்ப்பார், புளிப்பு பார்ப்பார், நோட்டில் எழுதுவார். கூடினால் தண்ணீர், குறைந்தால் உப்பு. கண்ணும் கருத்துமான ஆள் என்று பெயர்.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகன், வேலை பார்த்த கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்தான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பத்தாம் நாள் இல்லை.

அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார் என்றும் சொல்ல முடியாது. அடக்க ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால், விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாதே, அப்படி இருந்தது எல்லாம். மணி அடித்தால் சாப்பிட்டார். படுத்தால் தூங்கினார். மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து நோட்டில் ஒரு நாள் விடுபடவில்லை, ஓர் எண் பிசகவில்லை. ஊர் அதைப் பார்த்து மனுஷன் தேறிவிட்டார் என்றது.

அதே இடத்தில்தான் மருமகளுக்கும் வேலை. அறுத்த கீரையைப் பிளந்து பார்த்து, தின்று பார்த்து, போகலாம் போகக்கூடாது என்று சொல்கிற தரம் பார்க்கும் வேலை. சொல்லப்போனால் அவளை அவருக்குத்தான் முதலில் தெரியும், மகனுக்கு அப்புறம்தான். நாலு வருடத்துக்கு முன் அவள் புதிதாக வந்தபோது, ஒரு முழு லாரிக் கீரையை, கசக்கிறது என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். முதலாளியம்மா முறைத்தும் அசையவில்லை. உப்புக்காரர் அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒரு பொண்ணு பார்த்திருக்கேன்," என்றார். அதுவரை அவரை 'சார்' என்று கூப்பிட்டவள் பிறகு 'மாமா' என்றாள். மகன் போன பிறகும் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை.

முதல் பெட்டியைத் தொடர்ந்து அந்த வாரத்திலேயே இன்னும் ஏழு பெட்டி திரும்பின. முதலாளியம்மா தொட்டி அறைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வருவது வருடத்துக்கு ஒருமுறை.

"அண்ணா, என்ன இது?"

"கால்சியம் பத்தலம்மா. பிஞ்சு இலைக்குக் கால்சியம் போகலன்னா ஓரம் இப்படித்தான் கருகும்."

"அப்ப போட வேண்டியதுதானே?"

"போடறேன்."

போட்டார். மீட்டரில் ஒன்று புள்ளி நான்கு காட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஒன்று புள்ளி எட்டு ஆயிற்று. பத்து நாள் கழித்து அறுத்ததில் கருகல் குறையவில்லை. இரண்டு புள்ளி ஒன்றுக்கு ஏற்றினார். கருகல் கூடியது. போதாக்குறைக்கு, ஒழுங்காக இருந்த குடில்களிலும் கீரை சிறுத்து, இலை தடித்து, கடித்தால் முரமுரப்புக்குப் பதிலாகச் சவ்வு மாதிரி இழுத்தது. உப்பு கூடினால் வேர் தண்ணீர் குடிக்கத் திணறும். தண்ணீர் ஏறாவிட்டால் தண்ணீரோடு ஏறவேண்டிய கால்சியமும் ஏறாது. இது அவருக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்குச் சேர்கிற எல்லோருக்கும் இந்தப் பாடத்தை நடத்துவதே அவர்தான். ஆனால் அந்த நாட்களில், தெரிந்தது ஒரு பக்கம் கிடந்தது, கை ஒரு பக்கம் வேலை செய்தது.

மருமகளுக்குத்தான் முதலில் உறுத்தியது. ஐந்து குடில் கீரையும் பேக்கிங் அறையில் ஒன்றாகக் கலந்துவிடும், எது எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அவள் ஒரு தடித்த பேனாவை எடுத்துக்கொண்டு விடியற்காலை அறுவடைக்காரர்களோடு போய், ஒவ்வொரு பெட்டியிலும் குடில் எண்ணை எழுதினாள். ஒரு வாரம் எழுதினாள். பெட்டிக்கு மூன்று கீரை வீதம் பிளந்து பார்த்தாள்.

கருகல் முழுக்க நாலாம் நம்பரிலிருந்து வந்தது. மற்ற நாலு குடிலிலும் ஒன்று இரண்டுக்கு மேல் இல்லை.

மூன்றாம் குடிலுக்கும் நாலாம் குடிலுக்கும் ஒரே தொட்டி. ஒரே தண்ணீர், ஒரே விதை, ஒரே நாளில் நட்டது. அப்படியென்றால் தண்ணீரில் குறையில்லை. அவள் ஈரப்பதம் அளக்கிற சிறு கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, நாலாம் குடிலுக்குப் போனாள்.

கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே காற்று கெட்டியாக நின்றது. வரிசை வரிசையாகக் கீரை, ஓர் இலைகூட ஆடவில்லை. மேலே கம்பியில் தொங்கிய இருபது சின்ன ஃபேன்களும் நின்றிருந்தன. குடிலின் கடைசியில், கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் மாமனார் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"மாமா."

"வாம்மா. சாப்ட்டியா?"

"ஃபேன் ஏன் மாமா நிக்குது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் நிறுத்தினேன்."

"எப்பலேருந்து?"

கொஞ்சம் யோசித்தார். "வேலைக்குத் திரும்பி வந்த நாள்லேருந்து."

"தினமுமா?"

"காலையில எட்டு மணிக்கு நிறுத்துவேன். கை ஒழிஞ்சப்பல்லாம் இங்க வந்து உக்காருவேன். சாயங்காலம் கிளம்பறப்ப போட்டுட்டுப் போவேன்."

மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அவர் குரலில் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். அறுவடைக்காரர்கள் விடியலில் வந்து போய்விடுவார்கள், பகலில் அந்தக் குடிலுக்கு வேறு யாரும் வருவதில்லை. குளிர் மாதங்களில் கீரை மெதுவாக வளர்ந்ததால் காற்றில்லாமலும் சமாளித்தது. வெயில் ஏறி, செடி கிடுகிடுவென்று வளரத் தொடங்கியதும் நடு இலைகள் தாங்கவில்லை. காற்று பட்டால்தான் இலையிலிருந்து ஈரம் ஆவியாகும், ஈரம் போனால்தான் கீழேயிருந்து தண்ணீர் இழுக்கும், தண்ணீரோடுதான் கால்சியம் வரும். மூடிக் கிடக்கிற நடு இலைக்குக் காற்று இல்லையென்றால், தொட்டி நிறையக் கால்சியம் இருந்தும் அதற்கு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தவரிடமே என்ன சொல்வது? இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கருவியைப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று சதவீத ஈரம் காட்டியது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, "ஏன் மாமா?" என்றாள்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு ஃபேன் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? சுவத்துல ஓட்டை போட்டு வெச்ச பெரிய ஃபேன்."

"இருக்கு."

"டாக்டர் வந்து சொன்னப்ப அந்தச் சத்தத்துல எனக்குக் காதுல விழல. என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். மறுபடி சொன்னார். அப்பவும் சரியா விழல. மூணாவது தடவை கிட்ட வந்து சத்தமா சொன்னார்." அவர் மூடியை இன்னொரு முறை அழுத்தினார். "ஒரு தடவை கேக்க வேண்டியத மூணு தடவை கேட்டேன்."

குழாய்களில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"எனக்கு முதல் தடவையே கேட்டுடுச்சு," என்றாள். "நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டதும், ஒருவேளை எனக்குத்தான் தப்பா கேட்டிருக்குமோன்னு நெனச்சேன். நீங்க மூணாவது தடவை கேக்கற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு நின்னேன் மாமா."

அவர் அவளைப் பார்த்தார். எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்து, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பஸ்ஸில் போன பெண். அந்த வராண்டாவில் அவள் தன் பக்கத்தில் நின்றிருந்தாள் என்பதே அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் இதை ரிப்போர்ட்ல எழுதணும்," என்றாள்.

"எழுதும்மா. எழுதாம எப்படி? அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்."

"இன்னொண்ணும் இருக்கு." அவள் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேற ஊர்ல ஒரு வேலை வந்திருக்கு. விதை ஆராய்ச்சி பண்ற இடம். ரெண்டு மாசமாச்சு, இன்னும் சரின்னு சொல்லல. அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"எப்ப போகணும்?"

"சரின்னா, அடுத்த மாசக் கடைசி."

"சரின்னு சொல்லிடு. அத்தைகிட்ட நான் பேசறேன்."

அவர் எழுந்து கதவோரம் போய்ச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். இருபது ஃபேன்களும் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கின. அவர் அங்கேயே நின்றார். வெளியே போய்விட வேண்டும்போல் இருந்தது, போகவில்லை. மருமகளும் வந்து பக்கத்தில் நின்றாள். மணி அடிக்கிற வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

முதலாளியம்மா முழுவதையும் கேட்டார். உப்புக்காரர் முடித்ததும், "நீங்களா?" என்றார். பிறகு, "வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா, வேலைய விட்டுத் தூக்குங்கன்னு நீங்களே என்கிட்ட வந்து நின்னிருப்பீங்க," என்றார்.

"ஆமாம்மா."

"எதுக்கு நிறுத்தினீங்க?"

"சத்தம் பிடிக்கல."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. முதலாளியம்மாவும் தோண்டவில்லை. நாலாம் குடிலில் நிற்கிறதை முழுக்கப் பிடுங்கிவிட வேண்டும், அதை உப்புக்காரரே செய்ய வேண்டும், ஃபேன் சுவிட்சுக்குப் பெட்டி வைத்துப் பூட்டு போட வேண்டும் என்றார். "சாவி உங்ககிட்ட இருக்காது அண்ணா."

"சரிம்மா."

திட்டு வாங்கினால் வலிக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர், வலிக்காமல் வெளியே வந்தார். அது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிடுங்குவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. மூவாயிரத்துச் சொச்சம் செடி. ஒவ்வொன்றையும் குழாயிலிருந்து தூக்கினால், வேர் வெள்ளை வெளேரென்று, சொட்டச் சொட்ட, ஒரு முழம் நீளத்துக்கு வந்தது. வேரில் ஒரு பழுதும் இல்லை. எல்லாம் உரக்குழிக்கு. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாள் அரை மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து நின்றுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பேக்கிங் அறைக்காரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, எதிர் வரிசையில் பிடுங்கத் தொடங்கினாள்.

"உங்களுக்கு வேலை இல்லையா?" என்றார்.

"பேக் பண்ணக் கீரை இருந்தாத்தானே வேலை? அதான் எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்கீங்களே."

"நல்லா பிடுங்குங்க. வீட்டுக்காரர நெனச்சிக்கிட்டு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள். பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு அடுத்த செடியைப் பிடுங்கினாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதற்கப்புறம் வெளியே போய் நிற்கவில்லை.

வீட்டில் சொல்லவேண்டியதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாய்த்தது. மருமகள் கடைக்குப் போயிருந்தாள். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் மகன் போன பிறகு அதிகம் பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் சண்டை ஒன்றுமில்லை. உப்பு வேணுமா, குழாய மூடியாச்சா என்கிற அளவில் பேச்சு நின்றுபோயிருந்தது.

"அவளுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு," என்றார்.

"தெரியும்."

"எப்படி?"

"லெட்டர் அவ தலகாணி உறைக்குள்ள இருந்துச்சு. துவைக்க எடுத்தப்ப பார்த்தேன். திருப்பி வெச்சிட்டேன். அவளா சொல்லட்டும்னு இருந்தேன்." ஒரு துண்டை மடித்து அடுக்கினாள். "போகட்டுங்க. இங்க நம்ம மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எத்தன நாள் உக்காந்திருப்பா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குடிலில் நடந்ததைச் சொன்னார். ஃபேனைச் சொன்னார், வராண்டாவைச் சொன்னார். மனைவி மடிப்பதை நிறுத்தினாள். அன்றைக்குக் காலையில் அவள் ஆஸ்பத்திரியில் இல்லை. ஒன்பது நாள் அங்கேயே கிடந்தவளை, குளித்து மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வா என்று அவர்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"டாக்டர் என்னதான் சொன்னார்?" என்று கேட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். "அப்படியே சொல்லுங்க."

"எங்களால ஆனதெல்லாம் பார்த்தோம். பத்து இருபதுக்கு மூச்சு நின்னுடுச்சு. அவ்வளவுதான் சொன்னார்."

"பத்து இருபதா?"

"ஆமா."

"பத்து இருபதுக்கு நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன்," என்றாள். "அவன் நீலச் சட்டைய. வீட்டுக்கு வர்றப்ப போட்டுக்க வேணுமேன்னு."

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, முகத்தைத் துடைக்காமல் அழுதாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், அவள் பாதி மடித்து வைத்த துணியை எடுத்து மடித்தார். கோணல்மாணலாக வந்தது. அவள் அதை வாங்கி உதறித் திரும்ப மடித்தாள். மருமகள் வந்து கதவைத் தட்டுகிற வரை இருவரும் துணி மடித்தார்கள்.

நாலாம் குடிலில் புது நாற்று வைத்தார்கள். உப்புக்காரர் தண்ணீரை ஒன்று புள்ளி மூன்றுக்கு இறக்கினார். ஃபேன் நாள் முழுக்க ஓடியது. அந்தச் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டைக் கேன்டீனுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஒரு மூலை மேசையில் பேக்கிங் அறைக்காரர்கள் அவருக்கு இடம் விட்டார்கள். சில நாள் அவர்கள் பேச்சு காதில் விழுந்தது, சில நாள் விழவில்லை.

ஐந்தாவது வாரம் முதல் வரிசையை அறுத்தார்கள். மருமகளுக்கு அது கடைசி வேலை நாள். எடை மேசையில் பத்து கீரையை வரிசையாக வைத்து, கத்தியால் ஒவ்வொன்றாகப் பிளந்தாள். நடுவில் வெளிர்மஞ்சள் பிஞ்சு இலைகள், ஓரம் வரை சுத்தமாக இருந்தன. எட்டாவதில் மட்டும் ஒரு நகக்கண் அளவு பழுப்பு. அதை நோட்டில் எழுதினாள். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவரிடம் நீட்டினாள். கடித்தால் முரமுரவென்று உடைந்தது.

"கசப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியலையா மாமா?"

"இப்பல்லாம் எனக்கு ருசி சரியா பிடிபடல. நீ சொல்லு."

"இல்ல. நல்லா இருக்கு. லாரி போகலாம்."

அவர் இன்னோர் இலையைப் பிய்த்து மெதுவாக மென்றார். தண்ணீர் தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது இலையையும் தின்றார்.

மறுநாள் காலை அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கூடப் போனார். மனைவி வாசலோடு நின்றுவிட்டாள். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள், அவர் கீழே நின்றார்.

"தண்ணி எவ்வளவுல வெச்சிருக்கீங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஒண்ணு மூணு."

"வெயில் ஏறினா இன்னும் கொஞ்சம் இறக்குங்க."

"இறக்கறேன். போனதும் அத்தைக்கு ஒரு போன் பண்ணிடு. என்கிட்ட பேசலன்னாலும் பரவால்ல."

"ரெண்டு பேர்கிட்டயும் பேசறேன் மாமா."

பஸ் போன பிறகு அவர் வேலைக்குப் போனார். அரை நாள் லீவு சொல்லியிருந்தார், மீதி அரை நாள் இருந்தது. மீட்டரை முக்கினார், எழுதினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

"ஜன்னல் சீட்டா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு," என்றாள். "அவளுக்குக் காத்து இல்லன்னா தலை சுத்தும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவள் ஊற்றி முடிக்கிற வரை அங்கேயே இருந்தார்.